நன்றிக் கடிதங்களில் வராத பெயர்கள்

கிழக்குத் தாம்பரத்தில் வேளச்சேரி சாலை வழியாக நடக்கும் நம்மவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். கிறிஸ்தவக் கல்லூரி மதிலை ஒட்டி வந்ததும் உடம்பில் கொஞ்சம் குளிர்ச்சி தட்டும். உள்ளே 365 ஏக்கர் மரமும் புதரும் புள்ளிமான்களும் இருப்பதால் கிடைக்கும் குளிர்ச்சி அது. காலையில் நடைப்பயிற்சிக்குப் போகும் நண்பர்கள் அங்கே நின்று மூச்சை இழுத்துவிட்டு, "வெள்ளைக்காரன் நட்ட மரம் சார், புண்ணியவான்" என்பார்கள். சொல்வது சரிதான். ஆனால் அந்தப் புண்ணியக் கணக்கில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும், அந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் இங்கே எப்படி வாழ்ந்தன என்பது பற்றியும் இன்று கொஞ்சம் எழுதுகிறேன்.

கல்லூரி தாம்பரம் வந்த கதை

1837-ல் ஸ்காட்லாந்திலிருந்து ஜான் ஆண்டர்சன் என்ற இளம் பாதிரியார் சென்னைக்கு வந்து ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். ஊர் திரும்பாமல் 1855-ல் இங்கேயே காலமானார். அந்தப் பள்ளிதான் வளர்ந்து, வில்லியம் மில்லர் காலத்தில், 1877-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்ற பெயர் பெற்றது. மில்லர் 1862-ல் வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கைக்காசையும் கல்லூரிக்கே போட்டார்.

உயர்நீதிமன்றத்துக்கு எதிரே எஸ்பிளனேடில் இருந்த கல்லூரிக்கு இடம் போதவில்லை. மாணவரும் ஆசிரியரும் ஒரே வளாகத்தில் சேர்ந்து வாழ வேண்டும் என்ற எண்ணமும் வலுத்தது. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. சேலையூர் காப்புக்காடு கண்ணில் பட்டது. 1937-ல், நூறு வயது நிறைந்த ஆண்டில், கல்லூரி இங்கே குடியேறியது. அப்போது முதல்வர் ஏ.ஜி. ஹாக். டாக்டர் ராதாகிருஷ்ணனுக்குத் தத்துவம் கற்பித்த அதே ஹாக்தான். சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று மூன்று விடுதிகள் எழுந்தன. மரங்களுக்கு நடுவே ஆசிரியர் பங்களாக்களும் எழுந்தன.

அப்படி வந்து குடியேறியவர்களில் ஒரு தம்பதி எட்வர்ட் பார்ன்ஸும் ஆலிஸ் பார்ன்ஸும். எட்வர்ட் வேதியியல் பேராசிரியர். ஆனால் மனசெல்லாம் செடிகொடியில். மேற்குத் தொடர்ச்சி மலைகளில் அலைந்து திரிந்து, காசித்தும்பை இனத்திலும், நம் சேம்புக்குச் சொந்தக்காரச் செடிகளிலும் அதுவரை பெயரிடப்படாத வகைகளைக் கண்டு எழுதினார். அந்தச் சேம்பு வகையறாவில் ஒரு செடிக்குத் தாவரவியலார் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். கணவனும் மனைவியுமாகக் கல்லூரி வளாகத்தில் மரங்களை நட்டார்கள். எங்கெங்கிருந்தோ வகைவகையான கன்றுகளை வரவழைத்து, இந்த மண்ணுக்கு எது ஒத்துவருகிறது என்று பார்த்தார்கள்.

எட்வர்ட் பார்ன்ஸ் 1941-ல் இறந்துவிட்டார். கல்லூரி தாம்பரத்துக்கு வந்து நாலே வருஷம். நட்டவர் அனுபவிக்காத நிழல் அது. அதற்கு நாம் நன்றி சொல்வதில் தப்பே இல்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இது பல்லாவரம் பாறைக்குப் பக்கத்து ஊர். மாசியில் மண் இறுகிவிடும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் காலமும் இல்லை. ஒரு கன்று பிழைக்க வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு கோடையாவது கிணற்றில் இறைத்து, குடத்தில் சுமந்து, வேரில் ஊற்ற வேண்டும். பேராசிரியர் காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுவார். குடம் சுமந்தது யார்? சேலையூரா, இரும்புலியூரா, ராஜகீழ்ப்பாக்கமா, அவர்கள் எந்த ஊர்? நட்டவர் பெயர் நமக்குத் தெரியும். தண்ணீர் ஊற்றியவர் பெயர் தெரியாது.

பங்களாவின் ஒரு நாள்

நான் வேலை நிமித்தமாகத் தாம்பரம் வந்த காலத்தில் "எங்க அம்மா துரை வீட்டு வேலை பார்த்தவங்க" என்று சொல்லும் பெரியவர்கள் இருந்தார்கள். துரை, துரைசாணி, பாபா என்ற சொற்களெல்லாம் அவர்கள் பேச்சில் சகஜமாக வரும். தாம்பரமானாலும் செங்கற்பட்டானாலும் வேலூரானாலும் மிஷன் வீடுகளின் அன்றாடம் ஏறக்குறைய ஒரே அச்சுதான்.

விடியுமுன் குசினியில் அடுப்பு எரிய வேண்டும். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டி மண்கூஜாவில் ஊற்ற வேண்டும். காலராவும் வயிற்றுக்கடுப்பும் எந்தக் குடும்பத்தையும் ஒரே வாரத்தில் குலைத்துவிடும் காலம் என்பதால், அந்தத் தண்ணீரைக் காய்ச்சுபவர் கையில்தான் வீட்டின் உயிரே இருந்தது. பாலைக் காய்ச்சி, வலை அடித்த அலமாரியில் வைத்து, அலமாரிக் கால்களுக்கு அடியில் எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம் வைக்க வேண்டும். சலவைக்காரர் கணக்கு, பால்காரர் கணக்கு, தோட்டக்காரர் கூலி எல்லாம் துரைசாணியின் நோட்டுப் புத்தகத்தில் ஏறும். சாயங்காலம் அரிக்கேன் விளக்குக் கண்ணாடியைத் துடைத்து வைத்து, கொசுவலையை இறக்கிச் செருக வேண்டும். குழந்தை இருந்தால் ஆயா. துரை வீட்டுக் குழந்தை பேசிய முதல் மொழி பல இடங்களில் ஆயாவின் தமிழ்தான்.

இன்னொருவரும் உண்டு. அவர் முன்ஷி. புதிதாக வந்த மிஷனரி தமிழ் படித்துப் பரீட்சை தேற வேண்டும். தினமும் காலையில் முன்ஷி வருவார். ழகரமும் றகரமும் வராத நாக்கோடு போராடுவார். பிறகு அந்த மிஷனரி மேடையில் தமிழில் பேசும்போது ஊரே மெச்சும். முன்ஷி பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

கடல் கடந்து போன நன்றி

மிஷன் குடும்பத்துக்குச் சம்பளம் வெளிநாட்டுச் சபைகளிலிருந்து வரும். அங்கே உள்ளவர்களும் பெரிய பணக்காரர்கள் அல்ல. நெசவாலைத் தொழிலாளி, கடைக்காரர், ஞாயிறு பள்ளிக் குழந்தை என்று பலர் சேர்த்த சில்லறை அது. ஆகவே நன்றிக் கடிதம் எழுதுவது மிஷனரி குடும்பத்தின் கடமைகளில் ஒன்று. வந்த பெட்டியில் இருந்த துணி, மருந்து, புத்தகம் ஒவ்வொன்றையும் குறிப்பிட்டு எழுதுவார்கள். ஐந்து, ஏழு வருஷத்துக்கு ஒருமுறை நீண்ட விடுப்பில் தாய்நாடு போகும்போதும் ஓய்வு கிடையாது. ஊர் ஊராகச் சபைகளுக்குப் போய் நேரில் நன்றி சொல்ல வேண்டும்.

இந்த நன்றி எவ்வளவு தூரம் போனது என்பதற்கு யாழ்ப்பாணத்தில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்க மிஷன் அங்கே நடத்திய பள்ளிகளில் ஒரு மாணவனின் செலவை ஏற்ற அமெரிக்கரின் பெயரையே அந்த மாணவனுக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்துப் 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை ஆனது அப்படித்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரான விசுவநாதபிள்ளைக்கும் கறோல் என்ற பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டது. காசு கொடுத்தவரின் பெயர் கடல் தாண்டி வந்து ஒரு தமிழ்ப் பிள்ளையின் தலையில் உட்கார்ந்தது. அந்தப் பிள்ளைக்குத் தினமும் சோறு வடித்துப் போட்டவர் பெயரை யார் சூட்டிக்கொண்டார்கள்?

பிள்ளைகளைப் பிரிந்த துயரம்

மிஷனரிகளுக்கு எல்லாம் சொகுசு என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

அதே யாழ்ப்பாண மிஷனுக்கு 1820-ல் வந்தவர்கள் மைரன் வின்ஸ்லோவும் அவர் மனைவி ஹேரியட்டும். உடுவிலில் 1824-ல் பெண் குழந்தைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியவர் இந்த அம்மையார்தான். அன்று ஒரு கடிதம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி அமெரிக்கா போய்ச் சேர நாலைந்து மாதம் ஆகும். பதில் வர இன்னொரு அரை வருஷம். படிப்புக்காக அமெரிக்கா அனுப்பப்பட்ட அவர்கள் மகன் சார்லஸ் 1832-ல், பதினோரு வயதில், நியூயார்க்கில் இறந்துபோனான். மறு வருஷம் ஜனவரியில் ஹேரியட்டும் போய்விட்டார். வின்ஸ்லோ 1836-ல் சென்னைக்கு வந்து, தமிழ்ப் பண்டிதர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு உழைத்து, 67,000 சொற்களுக்கு மேல் கொண்ட தமிழ் – ஆங்கில அகராதியை 1862-ல் வெளியிட்டார். 1864-ல் ஊருக்குப் புறப்பட்டவர் வழியில் கேப்டவுனில் காலமானார். நம்மில் பலர் கல்லூரி நூலகத்தில் புரட்டிய அந்தத் தடித்த அகராதிக்குப் பின்னால் இப்படி ஒரு வீடு இருந்தது.

பின்னாளில் தூரம் குறைந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பயணம் சில வாரங்களாகச் சுருங்கியது. 1932 அக்டோபரில் டாட்டாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னை வந்தது. லண்டனிலிருந்து விமானத்தில் கராச்சி வந்து சேர்ந்த தபால் அதோடு சென்னைக்கு வந்துவிடும். தாம்பரம் பங்களாக்களில் குடியேறியவர்கள் இந்த வசதி கண்ட தலைமுறை. ஆனாலும் பிள்ளைகளின் பிரிவு தீரவில்லை. விவரம் தெரிந்த வயதானதும் பிள்ளையை ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ விடுதியில் விட வேண்டும். இல்லையென்றால் சீமைக்கு அனுப்ப வேண்டும். 1939-ல் யுத்தம் மூண்டபோது பிள்ளைகள் ஒரு கரையிலும் பெற்றோர் இன்னொரு கரையிலுமாக மாட்டிக்கொண்ட குடும்பங்கள் பல. கப்பலில் ஏறுவதே உயிர்ப் பந்தயம் என்றான காலம். துரைசாணி தன் பிள்ளைக்குக் கடிதம் எழுதிவிட்டு நிமிர்ந்தால், எதிரே ஆயா நின்றிருப்பாள். தன் கையால் வளர்த்த பிள்ளைதானே, அவளுக்கும் ஏக்கம் இருந்திருக்கும். அவள் யாருக்குக் கடிதம் எழுதுவாள்?

மலைக்குத் தூக்கிச் சென்ற தோள்கள்

கோடை வந்தால் மிஷன் குடும்பங்கள் மலைக்குப் போகும். கொடைக்கானல் உருவான கதையே அதுதான். மதுரை அமெரிக்க மிஷன் குடும்பங்களில் நோயும் சாவும் தொடர்ந்ததால், 1845-ல் அவர்கள் மலைமேல் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். 1901-ல் பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடமும் வந்தது.

வாகனம் போகும் மலைப்பாதை 1916 வாக்கில்தான் திறந்தது. அதுவரை எழுபது ஆண்டுகள் மக்கள் எப்படி ஏறினார்கள்? பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து பெண்களையும் குழந்தைகளையும் டோலியில் உட்கார வைத்து, கூலியாட்கள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். பெட்டி, படுக்கை, பாத்திரம், சில வீடுகளில் பியானோகூட மனிதத் தோளில்தான் ஏறியது. மலைக்காற்றால் பிழைத்தோம் என்று கடவுளுக்கு நன்றி சொன்ன குடும்பங்கள் ஏராளம். அந்தக் காற்றுக்கு அவர்களைக் கொண்டுசேர்த்தவை நாலு நாலு தோள்கள்.

1938 டிசம்பர்

தாம்பரம் என்ற பெயரை உலகமெங்கும் கிறிஸ்தவ வரலாறு படிப்பவர்கள் அறிவார்கள். காரணம், 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் நடந்த உலக மிஷனரி மாநாடு. 69 நாடுகளிலிருந்து 471 பிரதிநிதிகள் வந்தார்கள். ஜான் மோட் தலைமை தாங்கினார். ஏறக்குறைய பாதிப் பேர் ஆசிய, ஆப்பிரிக்கச் சபைகளைச் சேர்ந்தவர்கள் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். அதில் நடந்த விவாதங்கள் 1939-ல் ஏழு தொகுதிகளாக அச்சேறின. இன்றும் இறையியல் மாணவர்கள் அவற்றைப் படிக்கிறார்கள்.

வீட்டில் ஒரு கல்யாணம் நடத்திப் பார்த்தவர்களுக்கு 471 பேர், பதினெட்டு நாள் என்றால் என்ன என்று தெரியும். மூன்று வேளைச் சாப்பாடு. வெந்நீர். படுக்கை விரிப்பு. குடிநீர் காய்ச்சுவது. மார்கழிப் பனியில் விடியற்காலை மூன்று மணிக்கே அடுப்பு பற்றவைத்திருப்பார்கள். யாருக்காவது பெரிய அளவில் வயிற்றுக்கோளாறு வந்திருந்தால் மாநாடு இரண்டாம் நாளே கலைந்திருக்கும். ஆனால் பதினெட்டு நாளும் நடந்து முடிந்தது. அதற்கு யார் காரணம் என்று அந்த ஏழு தொகுதிகளில் தேடப்போகிறவர் யார்?

நம் வீட்டுக் கணக்கு

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் நம்மை மதிக்கவில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது பாதி உண்மைகூட இல்லை. பல மிஷன் குடும்பங்கள் வேலைக்காரர்களின் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. அப்படிப் படித்து ஆசிரியராகவும் நர்ஸாகவும் ஆனவர்களின் வாரிசுகள் நம் புறநகரெங்கும் இருக்கிறார்கள். மேலும், சென்னைப் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகினைப் பாருங்கள். 1936-ல் இளம் மனைவியோடு வந்தவர். காஞ்சிபுரத்திலும் மதுரையிலும் சென்னையிலும் பணி செய்துவிட்டு 1974-ல் ஓய்வு பெற்றபோது, இரண்டு பெட்டியும் ஒரு முதுகுப் பையுமாக, கணவனும் மனைவியும் தரைவழியே பஸ் மாறி மாறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். எடுத்துக்கொண்டு போனது அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது வேறு. தூரத்தில் இருப்பவருக்கு நன்றி சொல்வது எளிது. பக்கத்து அறையில் இருப்பவருக்குச் சொல்ல மறந்துபோகும். இது வெள்ளைக்காரனுக்கு மட்டும் உள்ள குறை இல்லை.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், குரோம்பேட்டை என்று எந்தத் தெருவை எடுத்தாலும் கடல் கடந்து இருப்பவர்கள் நம் பிள்ளைகள்தான். டல்லாஸிலோ மெல்போர்னிலோ இருந்து பணம் வருகிறது, பெட்டி வருகிறது, ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் முகம் வருகிறது. நாமும் வாய் நிறைய நன்றி சொல்கிறோம். "பையன் ராஜா மாதிரி வைத்திருக்கிறான்" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறோம். ராத்திரி மூச்சுத் திணறினால் ஆட்டோவைக் கூப்பிட்டு ஏற்றிவிடுகிற வாட்ச்மேன், சர்க்கரை மாத்திரையை நேரம் பார்த்து நீட்டுகிற வேலைக்காரப் பெண், காலையில் தண்ணீர் கேனைத் தூக்கி மாடி ஏறும் பையன், இவர்களின் முழுப் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? "செக்யூரிட்டி", "வேலைக்காரம்மா", "தண்ணி கேன்" என்றுதான் நம் போனிலும் பதிந்து வைத்திருக்கிறோம். நூறு வருஷத்துக்கு முன் துரைசாணியின் நோட்டில் "தோட்டக்காரன் கூலி" என்று இருந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே எழுபது தாண்டிய நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டியோ தாத்தாவோ இந்தப் பக்கத்து மிஷன் பங்களாக்களில், கல்லூரி விடுதிகளில், மிஷன் ஆஸ்பத்திரிகளில் சமையலோ ஆயா வேலையோ தோட்ட வேலையோ முன்ஷி உத்தியோகமோ பார்த்தவராக இருக்கலாம். அவர் பெயரைக் காதால் கேட்டவர்களில் நாம்தான் கடைசி வரிசை. நமக்குப் பிறகு அந்தப் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இருக்காது, எந்த அறிக்கையிலும் இருக்காது. பெயர், ஊர், என்ன வேலை, ஏறக்குறைய எந்த வருஷம் என்ற நாலு விவரம் போதும். இந்தப் பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகள் வரும்போது, ஒரு நோட்டையும் பேனாவையும் கொடுத்து அருகில் உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். அதே நோட்டில் அடுத்த பக்கத்தில், இன்று உங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர்களின் பெயர்களையும் கேட்டு எழுதிவிடுங்கள்.